இடைநில்லா விமானமா, இணைப்பு விமானமா, தனித்தனிச் சீட்டுகளா? தொலைவையும் பறக்கும் நேரத்தையும் வைத்து முடிவெடுப்பது எப்படி

இரண்டு நகரங்களின் பெயர்களைத் தேடுபெட்டியில் இட்டதும் இரண்டு எண்கள் முன்னால் வந்து நிற்கின்றன: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம். அவற்றுக்குக் கீழே பத்திருபது பயண வழிகள் விரிகின்றன. ஒன்று எங்கும் நிற்காமல் போகிறது. இன்னொன்று நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறச் சொல்கிறது. மூன்றாவது, வெவ்வேறு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கி நாமே பயணத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் வழி. இவற்றுள் எதை எடுப்பது என்று கேட்டு வாசகர்கள் எழுதும்போது, பெரும்பாலும் கட்டணத்தையும் மொத்த நேரத்தையும் மட்டுமே குறிப்பிடுகிறார்கள். அந்த இரண்டும் முக்கியம்தான். ஆனால் பயணத்தின் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் சுமை யார் தலையில் விழும் என்ற கேள்வியை அவற்றுக்கு முன்பே கேட்டாக வேண்டும் என்று பல பயணங்களுக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

தொலைவு. இரு நகரங்களுக்கு இடையிலான வான் தொலைவு என்று காட்டப்படுவது, உருண்டையான பூமியின் மேற்பரப்பில் அந்த இரு புள்ளிகளை இணைக்கும் பெருவட்டக் கோட்டின் நீளம். தட்டையான வரைபடத்தில் இந்தக் கோடு வில்போல் வளைந்து தெரியும். ஆனாலும் அதுவே மிகக் குறுகிய வழி. விமானங்கள் அந்தக் கோட்டின்மீதே பறப்பதில்லை. காற்று, வான்வெளி அனுமதி, போர்ப் பகுதிகள், அவசரத்தில் இறங்கத்தக்க விமான நிலையங்களின் இருப்பிடம் ஆகியவை வழியை நீட்டுகின்றன. ரஷ்யா தன் வான்வெளியை 2022-இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, அதுவரை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேர அளவுக்கு நீண்டது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன; மாறியது வழிதான்.

இணைப்பு விமானத்தை எடைபோடும்போதும் இந்தப் பெருவட்டக் கணக்கு உதவுகிறது, ஏனெனில் நடுவில் நிற்கும் ஊர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் பயணம் சுற்றுகிறது. சிங்கப்பூர்–லண்டன் தொலைவு சுமார் 10,880 கி.மீ. துபாய் வழியாகச் சென்றால் இரு பகுதிகளும் சேர்ந்து சுமார் 11,340 கி.மீ. ஆகின்றன, கூடுதல் 4 விழுக்காடு மட்டுமே. ஹாங்காங் வழியாகச் சென்றால் சுமார் 12,200 கி.மீ., அதாவது 12 விழுக்காடு கூடுதல். டோக்கியோ வழியாகச் சென்றாலோ 15,000 கி.மீ.யை நெருங்கிவிடும். மூன்றுமே தேடல் பட்டியலில் "ஒரு நிறுத்தம்" என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. சுற்று 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. 25 விழுக்காட்டைத் தாண்டினால் வேறு வலுவான காரணம் இருந்தால் மட்டுமே எடுக்கிறேன்.

பறக்கும் நேரம். பயண விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. தொலைவை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்காக அரை மணி நேரம் சேர்த்தால் ஒரு தோராய விடை கிடைக்கும். நியூயார்க்–லண்டன் தொலைவான சுமார் 5,550 கி.மீ.க்கு இந்தக் கணக்கு 7 மணி நேரம் என்கிறது. ஆனால் நடப்பில், கிழக்கு நோக்கி வரும்போது நேரம் இதற்கும் குறையலாம். மேற்கு நோக்கிப் போகும்போது ஒரு மணி நேரம்வரை கூடலாம். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம்தான் இதற்குக் காரணம். வடகோளத்தில் குளிர்காலத்தில் அது மேலும் வலுக்கிறது. 2020 பிப்ரவரியில் கடும் புயற்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனை 5 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான நேரத்தில் அடைந்தது.

தொலைவு கூடியும் நேரம் குறைவதுண்டு. ஏர் இந்தியா 2016 அக்டோபரில் தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. வழி சுமார் 1,400 கி.மீ. நீண்டு 15,300 கி.மீ. ஆயிற்று, ஆயினும் பின்காற்று கிடைத்ததால் பயணம் ஏறத்தாழ பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது, பழைய வழியைவிட முன்னதாகவே. கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஒரு வழியை ஒதுக்கிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நியூயார்க்கில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு லண்டனில் மறுநாள் காலை 9 மணிக்கு இறங்கினால், கடிகாரம் 12 மணி நேரம் காட்டும். 5 மணி நேர வேறுபாட்டைக் கழித்தால் பயணம் 7 மணி நேரம்தான். இந்த வேறுபாடும் நிலையானதன்று. அமெரிக்காவும் பிரிட்டனும் கோடைகால நேரத்துக்கு வெவ்வேறு வாரங்களில் மாறுவதால், மார்ச்சில் சில வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் அது 4 மணி நேரமாகிறது. தனித்தனிச் சீட்டுகளைத் தாமே இணைப்பவர்கள் சறுக்கும் இடங்களில் இது ஒன்று.

இறுதியாக, நிறுவனம் சொல்லும் நேரம் விமானம் ஒரு முனையின் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையின் வாயிலில் நிற்பது வரைக்குமானது. வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் போய்ச்சேரும் வாசலை மிதிக்கும்வரை ஆகும் நேரமே பயணியின் நேரம். 7 மணி நேர விமானம் எளிதாக 13 மணி நேரப் பயணமாகிவிடும்.

பொறுப்பு, பெட்டி, விசா, உடல். இணைப்பு தவறினால் மாற்று இருக்கை தருவது யார்? பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகுமா? இடைநிலை ஊரில் குடிவரவைக் கடக்க வேண்டுமா? அவ்வளவு நேரம் உட்காரும் உடல் யாருடையது? இந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு வழியிடமும் கேட்போம்.

## வழி 1: இடைநில்லா விமானம்

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். "நேரடி விமானம்" என்று விற்கப்படுவதெல்லாம் இடைநில்லா விமானம் அன்று. ஒரே எண்ணில் பறக்கும் விமானம் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மீண்டும் ஏறினாலும் துறை வழக்கில் அது நேரடி விமானமே. சிங்கப்பூரிலிருந்து பிராங்பர்ட் வழியாக நியூயார்க் செல்லும் ஒரே எண் சேவை இதற்கு எடுத்துக்காட்டு. எனவே சீட்டு வாங்கும் முன் நிறுத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பொறுப்பு என்ற அளவுகோலில் இந்த வழிக்கு நிகரில்லை. அறுபடக் கண்ணியே இல்லை. பெட்டி ஒரே ஒரு முறை ஏறி ஒரே ஒரு முறை இறங்குகிறது. இடைநிலை நாட்டு விசாவைப் பற்றிய கவலையும் இல்லை. கைக்குழந்தையோடு செல்பவர்களுக்கும், மொழி தெரியாத விமான நிலையத்தில் தனியாக வழி கேட்கத் தயங்கும் முதியவர்களுக்கும் இதன் அருமை புரியும்.

மறைவான விலைகளும் உண்டு. மிக நீண்ட சேவைகள் பல நகரங்களுக்கு இடையே நாளுக்கு ஒன்றோ வாரத்துக்குச் சில நாள்களோதான் இயங்குகின்றன. அந்த ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளோ அதற்கு அப்பாலோதான். எல்லோருக்கும் இடமும் இருப்பதில்லை. சுமார் 15,300 கி.மீ. கடக்கும் சிங்கப்பூர்–நியூயார்க் இடைநில்லா சேவைக்காக 2018-இல் கொண்டுவரப்பட்ட ஏ350 வகை விமானத்தில் 161 இருக்கைகளே இருந்தன: 67 வணிக வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி இருக்கை ஒன்றுகூட இல்லை. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் தொலைவில், ஒவ்வோர் இருக்கையும் எடைக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

உடலுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதாகக் கண்டது. ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கருவுற்றிருப்பவர்களும் 14 மணி நேரப் பயணத்தை முன்பதிவு செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விமான வகையும் ஒரு காரணியே: பழைய விமானங்களின் உள்ளறைக் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகலாம், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது சுமார் 1,800 மீட்டர் அளவில் வைக்கப்படுகிறது. இறங்கியபின் வரும் தலைவலியும் களைப்பும் இதனால் சற்றுக் குறைவதை நானே உணர்ந்திருக்கிறேன்.

## வழி 2: ஒரே முன்பதிவில் இணைப்பு விமானம்

இரு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களைக் கடைசி நகரில் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் தருவது அதன் வேலை. இரவு தங்க நேர்ந்தால் பல சூழல்களில் அறையும் உணவும் அதன் கணக்கில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் எண் விதி பொருந்தும் பயணங்களில், ஒரே முன்பதிவில் சென்றவர் இறுதி நகரை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், அசாதாரணச் சூழல்கள் நீங்கலாக, இழப்பீடும் கோரலாம். தாமதம் கணக்கிடப்படுவது இறுதி நகரை வைத்துத்தான். இணைப்பு விமானத்தை வெறும் மலிவு வழியாகக் கருதுபவர்கள் இந்தப் பாதுகாப்பை மதிப்பிடுவதே இல்லை.

பெரிய இணைப்பு நிலையங்களிலிருந்து முக்கிய நகரங்களுக்கு நாளொன்றுக்குப் பல விமானங்கள் இருப்பது மற்றொரு பலம். ஒன்று போனால் சில மணி நேரத்தில் அடுத்தது. நீண்ட வழியில் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் நடந்து, முகம் கழுவி, கால்களை நீட்டுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். இரத்த உறைவைப் பொறுத்தவரை மட்டும் ஓர் எச்சரிக்கை: குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பறப்பதும் அந்த ஆபத்தைக் கூட்டுவதாக மேற்சொன்ன ஆய்வே சொல்கிறது. ஆகவே நிறுத்தம் இருக்கிறது என்பதற்காக விமானத்துக்குள் அசையாமல் இருந்துவிடக் கூடாது.

மறைவான விலைகளில் முதன்மையானது இடைவெளி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது; அதற்குக் குறைவான இணைப்பை நிறுவனங்கள் விற்பதில்லை. அந்தக் குறைந்தபட்சம் எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கானது. விமானம் வாயிலில் நிற்காமல் தொலைவில் நின்று, பேருந்தில் ஏற்றி, மீண்டும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிறுத்தினால் 60 நிமிடங்கள் காற்றாய்ப் பறந்துவிடும். பன்னாட்டுப் பயணத்தில் இரண்டு முதல் மூன்றரை மணி நேர இடைவெளியே எனக்குச் சரியாகப்படுகிறது. அதைவிடக் குறைந்தால் பெட்டி பின்தங்குகிறது; எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் பயணி சோர்ந்துபோகிறார்.

அடுத்தது விசா. அமெரிக்க விமான நிலையங்களில் குடிவரவைக் கடக்காமல் விமானம் மாறும் வசதி பொதுவாக இல்லை. வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவருக்கும் விசாவோ முன்னனுமதியோ வேண்டும், பெட்டியையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். தமக்குள் எல்லைச் சோதனையின்றி ஒரே பகுதியாக இயங்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள், சில நாட்டுக் குடிமக்களிடம் விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே தனி டிரான்சிட் விசா கேட்கின்றன. இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்போர் அந்தப் பொதுப்பட்டியலில் உள்ளனர். ஒரு ஷெங்கன் நகரில் இறங்கி இன்னொரு ஷெங்கன் நகருக்குப் பறந்து அங்கிருந்து வெளியேறும் வழியாக இருந்தால், டிரான்சிட் விசா போதாது. நீங்கள் அந்தப் பகுதிக்குள் நுழைந்தவராகிவிடுவீர்கள்.

ஒரே நகரின் இரு விமான நிலையங்களுக்கு இடையே மாறும் இணைப்புகளும் பட்டியலில் ஒளிந்திருக்கும். டோக்கியோவின் நரிதாவில் இறங்கி ஹனேதாவில் ஏற வேண்டுமென்றால் நகரையே குறுக்கே கடக்க வேண்டும்.

## வழி 3: தனித்தனிச் சீட்டுகள்

பட்டியலில் மிகக் கவர்ச்சியாகத் தெரிவது இதுதான். நான் ஒரு முறை சிக்கியதும் இதில்தான். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இறங்கிக் குடிவரவு வரிசையைக் கடந்து பெட்டிக்காகக் கன்வேயர் முன்னால் நின்றேன். பட்டை சுற்றிக்கொண்டிருந்தது, நீலத் துணி கட்டிய யாரோ ஒருவரின் அட்டைப்பெட்டி நான்காவது முறையாக என்னைக் கடந்து போனது. என் பெட்டி வந்து, மேல்தளத்துக்கு ஓடிச் சேர்ந்தபோது, இரண்டாவது நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த பெண் பெட்டிக்கான நேரம் முடிந்து ஏழு நிமிடங்கள் ஆகிவிட்டன என்றார். அவர் மீது தவறில்லை. அவருடைய நிறுவனத்தைப் பொறுத்தவரை நான் வேறொரு விமானத்திலிருந்து வந்தவன் அல்லன். தாமதமாக வந்த ஒரு பயணி, அவ்வளவே. புதிய சீட்டை என் கைப்பணத்தில்தான் வாங்கினேன்.

அந்த ஏழு நிமிடங்களில் இந்த வழியின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. இங்கே இரண்டு தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்றின் தாமதம் மற்றதைக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது விமானத்துக்குப் பயணி வரவில்லை என்று பதிவானால், அதே சீட்டிலுள்ள திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால் இடைநிலை நாட்டுக்குள் முறையாக நுழைய வேண்டும். அதற்குரிய விசா இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். இரு நிறுவனங்களின் பெட்டி எடை வரம்புகள் வேறுபட்டால் குறைந்த வரம்பே உங்கள் வரம்பு. மலிவு நிறுவனங்களில் பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம். இவற்றைக் கூட்டிய பிறகு மிஞ்சும் சேமிப்பைத்தான் மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டும்.

இருந்தும் இந்த வழியை அடியோடு ஒதுக்க மாட்டேன். நடுவிலுள்ள நகரில் ஓர் இரவோ இரண்டு நாள்களோ தங்க விரும்புபவருக்கும், கைப்பையோடு மட்டும் செல்பவருக்கும், இரண்டாவது பகுதியில் மணிக்கொரு விமானம் இருக்கும் வழியில் செல்பவருக்கும் இது நன்றாகவே பொருந்தும். அதே நாளில் மாறுவதென்றால் 5 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அன்றைய கடைசி விமானத்தை இரண்டாவதாக எடுக்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இடைநில்லா விமானம் | ஒரே முன்பதிவில் இணைப்பு | தனித்தனிச் சீட்டுகள் |
|---|---|---|---|
| தொலைவு | பெருவட்டக் கோட்டுக்கு மிக அருகில் | இடைநிலை ஊரைப் பொறுத்தது | இடைநிலை ஊரைப் பொறுத்தது |
| கூடும் நேரம் | இல்லை | பொதுவாக 3 முதல் 6 மணி நேரம் | 6 மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை |
| இணைப்பு தவறினால் | பொருந்தாது | நிறுவனத்தின் பொறுப்பு | பயணியின் பொறுப்பு |
| பெட்டி | ஒரே முறை ஒப்படைப்பு | பெரும்பாலும் கடைசி ஊர்வரை | நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைப்பு |
| இடைநிலை விசா | தேவையில்லை | நாட்டைப் பொறுத்தது | நுழைவு அனுமதி வேண்டிவரும் |
| விமானம் ரத்தானால் | அடுத்தது ஒரு நாள் கழித்து இருக்கலாம் | மாற்று வழிகள் அதிகம் | ஒவ்வொரு சீட்டுக்கும் தனியே பேச வேண்டும் |

## யாருக்கு எது

பறக்கும் நேரம் 8 மணிக்குள் அடங்கும் நகரங்களுக்கு இடையே இடைநில்லா விமானம் இருந்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். அந்தத் தொலைவில் நடுவே இறங்குவது பயணத்தின் நேரத்தில் பாதியைக் கூட்டிவிடும்; அதற்கு ஈடாகக் கிடைப்பது மிகக் குறைவு. திருமணம், நேர்முகத் தேர்வு, இறுதிச் சடங்கு போல நாள் தவறக் கூடாத காரியங்களுக்கு எந்தத் தொலைவானாலும் இதே விடைதான், ஒரு திருத்தத்தோடு: சேவை வாரத்துக்குச் சில நாள்கள் மட்டுமே இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

12 மணி நேரத்தைத் தாண்டும் தொலைவில் என் தராசு இணைப்பு விமானத்தின் பக்கம் சாய்கிறது, சுற்று 10 விழுக்காட்டுக்குள்ளும் இடைவெளி மூன்று மணி நேர அளவிலும் இருக்கும்வரை. முதியவர்கள் தனியாகச் சென்றால் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவிலேயே கேட்டுவிடலாம்; இணைப்பு நிலையத்தில் வாயிலிலிருந்து வாயிலுக்கு ஒருவர் கூடவே வருவார். கிழக்கு நோக்கிப் பல நேர வலயங்களைக் கடப்பவர்களுக்கும் நிறுத்தம் உதவலாம். மேற்கைவிடக் கிழக்குப் பயணத்தில்தான் உடலின் தூக்கக் கடிகாரம் அதிகம் தடுமாறுகிறது, எனவே மாலையில் இறங்கி இரவே படுக்கும்படியான இணைப்பைத் தேர்ந்தால் மறுநாள் எளிதாகும்.

8 முதல் 12 மணி நேரம்வரையுள்ள நடுத்தொலைவில் ஒரே விடை கிடையாது. அங்கே பெட்டிகளின் எண்ணிக்கை, கூட வருபவர்களின் வயது, கடவுச்சீட்டு ஆகிய மூன்றும் தீர்மானிக்கட்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, எல்லாப் பறத்தல்களும் ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் வருகின்றனவா என்று பாருங்கள். "சுயமாக மாறுதல்" என்ற சொல் எங்காவது சிறிய எழுத்தில் இருந்தால் அது மூன்றாவது வழி. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போது கைப்பிடியில் ஒட்டும் பட்டையைப் படியுங்கள். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு நீங்கள் போய்ச்சேரும் கடைசி நகருடையதாக இருக்க வேண்டும். இடைநிலை ஊருடையதாக இருந்தால் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.